சத்தமா சொல்லும்மா!

முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் திண்டுக்கல் பக்கம் எழுதாத சட்டம். அதை நிறைவேற்றத்தான் நான் மலேசியாவில் இருக்கும் ஈப்போவுக்குப் போனேன். முறைப்படி போக வேண்டியவள் என் மனைவி சரோஜா. அவளுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். அவ்வளவு நேரம் பிளேன்ல காலை மடக்கி உக்கார முடியாது, அவ்வளவுதான். நீங்க போய்ப் பக்குவமாப் பேசிக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

பக்குவமாகப் பேச எனக்கு வராது. மின்வாரியப் புகார் பிரிவில் போன் எடுத்தே பணிஓய்வு பெற்றவன் நான். முகம் தெரியாதவர்கள் கரண்ட் இல்லை என்று கண்டபடி திட்டினால் நிதானமாகப் பதில் சொல்வேன். நேரில் ஒருவர் அன்பாகப் பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் சரோஜா எனக்கு ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துவைத்தாள். "சம்பந்தியம்மா, பொண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போக உங்க உத்தரவு வேணும்." 'உத்தரவு' வரும்போது தலையை லேசாகக் குனிய வேண்டும். விமானத்தில் இதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதில், பக்கத்து இருக்கைக்காரர் எனக்குக் கழுத்து வலி என்று நினைத்துத் தைலம் கொடுத்தார்.

என் மகள் நித்யாவின் கணவர் தினேஷ் ஈப்போக்காரர். வேலை விஷயமாகச் சென்னை வந்த இடத்தில் இருவரும் பழகி, இரண்டு வீட்டு ஒப்புதலோடும் கல்யாணம் நடந்தது. தினேஷுக்கு அப்பா இல்லை. அம்மா லெட்சுமி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். என்னை அழைத்துப்போக பஸ் நிலையத்துக்கு அந்த வேனில்தான் வந்திருந்தார்.

"வாங்கண்ணே! பசியாறிட்டீங்களா?"

இங்கே பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. அது எனக்குத் தெரியாது. "பசியே இல்லை தங்கச்சி" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. பின்னால் தெரிந்தது, வீட்டில் எனக்காக ஆப்பம் சுட்டு, பெட்டியில் மூடி வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

வேனில் இருக்கைகள் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கானவை. என் முழங்கால் இரண்டும் தாடைக்குப் பக்கத்தில் வந்து நின்றன. ஜன்னலில் யாரோ ஒரு பிள்ளை ஒட்டிய டைனோசர் என்னைப் பார்த்துச் சிரித்தது. லெட்சுமி அம்மா கண்ணாடியில் பார்த்து, "அண்ணே, பெல்ட்டு!" என்று ஓர் அதட்டல் போட்டார். பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல். மறுபேச்சில்லாமல் போட்டுக்கொண்டேன். ஊர் முழுக்க நெட்டுக்குத்தாகச் சுண்ணாம்பு மலைகள். வழி நெடுக ஒரு ஹாரன் சத்தம் கூட இல்லை. எங்கள் ஊரில் ஹாரன் அடிக்காமல் ஒருவன் வண்டி ஓட்டினால் அவனுக்கு ஏதோ மனக்கஷ்டம் என்று அர்த்தம்.

ஈப்போவிலேயே புந்தோங் என்ற பகுதியில் அவர்கள் வீடு. ஏழு மாத வயிற்றோடு வாசலுக்கு வந்த நித்யா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஊருக்கு வர எவ்வளவு ஆசை பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் லெட்சுமி அம்மா கேட்டார். "அண்ணே, இன்னிக்கு ராவுக்குச் சமைக்கல. தப்பாவ் பண்ணிரலாமா?"

"ஐயையோ, தப்பா எதுவும் பண்ண வேண்டாம் தங்கச்சி" என்றேன்.

தினேஷ் சிரித்து அடங்கச் சிறிது நேரம் ஆனது. "மாமா, தப்பாவ்னா பார்சல். சீனன் பேச்சு. இங்க எல்லாரும் சொல்றதுதான்."

பார்சல் வந்தது. முளைகட்டிய பயறும் அவித்த கோழியும். கோழி வெள்ளையாக, காரமே இல்லாமல், ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியது போல இருந்தது. ஆனால் வாயில் போட்டால் கரைகிறது. பிறகு ஒரு தட்டில் டுரியான் பழம் வந்தது. அதன் வாசனையைப் பற்றிச் சொல்ல எனக்கு இருபத்தெட்டு வருட மின்வாரிய அனுபவம் போதாது. லெட்சுமி அம்மா ஆவலாக முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால், மூச்சை அடக்கி விழுங்கிவிட்டு, "பிரமாதம்" என்றேன். அந்த ஒரு சொல்லின் பலனாக, அடுத்து வந்த ஒவ்வொரு வேளையும் எனக்கு டுரியான் கிடைத்தது.

சாப்பாடு முடிந்ததும் என் வாக்கியத்தை எடுத்தேன். சரியான இடத்தில் தலையும் குனிந்தேன். லெட்சுமி அம்மா துடைத்துக்கொண்டிருந்த மேசையையே பார்த்தார்.

"அது ஒங்க முறைதானேண்ணே. நான் எப்படிக் குறுக்க நிப்பேன்? தாராளமாக் கூட்டிட்டுப் போங்க."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அங்கே பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன. வேலை இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சரோஜாவுக்குக் குரல்பதிவு அனுப்பினேன். "சம்பந்தியம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. எப்படா அனுப்புவோம்னு இருந்திருப்பாங்க போல."

"ஓ… சரி" என்று பதில் வந்தது. அந்தச் 'சரி'யில் சுரத்து குறைவாக இருந்தது. நெட்வொர்க் கோளாறு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தினேஷ் என்னைப் பழைய டவுனில் ஒரு சீனர் காப்பிக் கடைக்கு அழைத்துப்போனார். வெள்ளைக்காப்பி என்றார்கள். வெள்ளையாக இல்லை. நம்மூர் டிகிரி காப்பிக்குப் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் சோம்பேறி, ஆனால் வாசனைக்காரன். பளிங்கு மேசை, பழைய மின்விசிறி, எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சல். பக்கத்து மேசையில் வயதான சீனத் தம்பதி கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தினேஷுக்குக் கான்டனீஸ் தெரியும். என்ன சண்டை என்று கேட்டேன்.

"நாலு நம்பர் லாட்டரி மாமா. அந்தம்மாவுக்குக் கனவுல ஒரு நம்பர் வந்திருக்கு. நேத்து அதே நம்பர் விழுந்திருச்சி. ஆனா தவுக்கே, அதான் அந்தப் பெரியவரு, அதை எடுக்கல. 'நீ என்கிட்ட சொல்லவே இல்ல'ன்னு இவரு சொல்றாரு. 'என்ன கனவு கண்டேன்னு நீ ஒரு நாளாச்சும் கேட்டிருக்கியா'ன்னு அந்தம்மா சொல்லுது."

"நியாயமான கேள்வி" என்றேன். அந்தப் பெரியவர் தன் ரொட்டியில் பாதியை மனைவி தட்டில் வைத்தார். அந்தம்மா அதைத் திருப்பி அவர் தட்டிலேயே போட்டார்.

பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "நித்யாவைக் கூட்டிட்டுப் போறதுல உங்களுக்குச் சம்மதந்தானே மாப்பிள்ளை?"

"அவளுக்கு எது சந்தோஷமோ அதான் எனக்கும், மாமா" என்று சொல்லி, தினேஷ் காப்பியைக் கலக்க ஆரம்பித்தார். சர்க்கரை ஏற்கெனவே கரைந்திருந்தது. அவர் கலக்கிக்கொண்டே இருந்தார்.

திரும்பி வந்தபோது நித்யா அறையில் இருந்தாள். மூலையில் புதிதாக வர்ணம் பூசிய குழந்தைக் கட்டில் ஒன்று, பழைய சேலையால் மூடிக் கிடந்தது. தினேஷே செய்ததாம். பெரிய கட்டில்மேல் திறந்து வைத்த பெட்டி. அதில் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது.

"காலெல்லாம் வீங்கியிருக்கேம்மா. பிளேன்ல உக்காந்து வந்துருவியா?" என்றேன்.

"தாக் அப்பா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரை, எதற்காகத் தாக்க வேண்டும்? லெட்சுமி அம்மாவா, மாப்பிள்ளையா? கதவைச் சாத்திவிட்டு, "என்ன நடந்தாலும் அப்பா இருக்கேன், பொறுமையாச் சொல்லு" என்றேன்.

"ஐயோ அப்பா! தாக் அப்பான்னா பரவாயில்லைன்னு அர்த்தம். மலாய்" என்று சிரித்தாள். சிரிப்பு முடிந்த இடத்தில் கண் கலங்கியிருந்தது. பயணத்தை நினைத்துப் பயப்படுகிறாள் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்துக்குப் போனோம். லெட்சுமி அம்மா பிறந்த தோட்டம். அங்கே இருக்கும் முனீஸ்வரர் அவர்கள் குலசாமி. பிள்ளைத்தாச்சிப் பெண் கடல் தாண்டுவதற்கு முன் திருநீறு பூசி அனுப்ப வேண்டுமாம். "பசியாறிட்டுப் போலாம்" என்றார். இந்த முறை நான் சரியாகப் புரிந்துகொண்டு நான்கு தோசை சாப்பிட்டேன். ஐந்தாவதாக டுரியான் வந்தது.

பெரிய சாலையிலிருந்து செம்மண் பாதைக்கு வேன் இறங்கியது. ரப்பர் மரம் ஒன்று கூட இல்லை, எங்கும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். "இங்கதான் எங்க லயத்து வீடு இருந்துச்சி" என்று லெட்சுமி அம்மா ஒரு கையைக் காட்டினார். அங்கேயும் செம்பனைதான். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

கோயிலில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பூசாரி காதில் மெஷின் மாட்டியிருந்தார். ஆனால் அதன் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. டவுனுக்குப் போகிற யாராவது வாங்கி வருவார்கள் என்று அவர் காத்திருந்தார்.

"பேரு என்னம்மா?"

"நித்யா."

"நிர்மலாவா?"

"நித்யா சாமி, நித்யா!" என்று லெட்சுமி அம்மா வேன் குரலில் கத்தினார்.

"அது சொன்னாத்தானே தெரியும். சரி, சாமிகிட்ட என்ன கேக்கணும்? ஒவ்வொருத்தரா சொல்லுங்க. சத்தமாச் சொன்னாத்தான் நான் எடுத்துச் சொல்ல முடியும்."

லெட்சுமி அம்மா முதலில் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு, "புள்ள நல்லபடியா ஊருக்குப் போய்ச் சேரணும்" என்றார்.

"என்னது, ஊருக்குப் போன புள்ள திரும்பி வரணுமா?"

லெட்சுமி அம்மா வாயைத் திறந்தார். திருத்தவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா சாமி" என்றார்.

தினேஷ், "அவ சந்தோஷமா இருக்கணும்" என்றார். "யாரு, நிர்மலாவா?" என்றார் பூசாரி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்து நித்யா. அவள் ஏதோ முணுமுணுத்தாள்.

"கேக்கலம்மா."

"எல்லாரும் நல்லா இருக்கணும்னு…"

"சத்தமா சொல்லும்மா!"

"எல்லாரும்…"

"ம்ஹூம். சாமிக்கே கேக்காது போலிருக்கு. சத்தமா!"

அதுவரை அவளுக்குள் எது அடைத்துக்கொண்டிருந்ததோ, அது உடைந்தது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கோயில் கூரைத் தகரம் அதிர அவள் கத்தினாள்.

"எனக்கு ஊருக்குப் போக வேண்டாம் சாமீ!"

செம்பனையில் இருந்த கிளிகள் கூட்டமாக எழும்பின. பாதையில் பழக்குலை ஏற்றிப்போன மோட்டார்சைக்கிள்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பூசாரி முகத்தில் மட்டும் மலர்ச்சி. அன்று காலை முதல் அவருக்குத் தெளிவாகக் கேட்ட முதல் வாக்கியம் அது.

"அப்படிச் சொல்லு. சரி, யாரு போகச் சொன்னது?"

லெட்சுமி அம்மா என்னைப் பார்த்தார். நான் தினேஷைப் பார்த்தேன். தினேஷ் நித்யாவைப் பார்த்தார். பூசாரி எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சரி, போக வேண்டாம்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்" என்று கற்பூரத்தைக் காட்டினார்.

வேனில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. மலேசிய மழை தூறிப் பார்த்து, யோசித்து வருவதில்லை. குடத்தைக் கவிழ்ப்பதுதான். செம்மண் பாதையில் கொஞ்ச தூரம் போனதும் பின் சக்கரம் சேற்றில் இறங்கி, உறுமி, ஓய்ந்தது. லெட்சுமி அம்மா போனை எடுத்தார். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் சிக்னல் போய் வந்தது.

"என் தம்பி மணியம் வாரேன்னு சொல்லிட்டான்ணே. கம்பத்துலதான் இருக்கான்."

மழையில் கம்பத்தில் ஏறியிருக்கிறாரா! இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் என் வாய் முந்திக்கொண்டது. "முதல்ல அவரை இறங்கச் சொல்லுங்க தங்கச்சி! லைனை ஆஃப் பண்ணாங்களா?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "கம்பம்னா கிராமம், மாமா. கம்போங்" என்றார் தினேஷ் மெதுவாக. முதலில் சிரித்தவள் நித்யா. அடுத்து லெட்சுமி அம்மா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். அந்தக் குலுங்கல் சிரிப்பிலிருந்து எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏன்லா என்கிட்ட சொல்லல?" என்றார் நித்யாவைத் திரும்பிப் பார்த்து. "நீ ஊருக்குப் போக ஆசைப்படுறேன்னு நெனச்சி, நான் வாயைக் கட்டிக்கிட்டுக் கெடக்குறேன். அனுப்ப மாட்டேன்னு சொன்னா, 'பொண்ணை அடைச்சி வச்சிருக்கா'ன்னு ஒங்க ஊர்ல பேசுவாங்கல்ல?"

"நீங்க தாராளமாக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னீங்களே அத்தை! என்னை வச்சிக்கப் பிடிக்கலையோன்னு நான் அழுதுட்டு இருக்கேன்." நித்யா தினேஷ் பக்கம் திரும்பினாள். "இவர்கிட்ட கேட்டா, 'உனக்கு எது சந்தோஷமோ'ன்றார். எனக்கு என்ன சந்தோஷம்னு ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கீங்களா?"

"கேட்டா, போறேன்னு சொல்லிருவியோன்னு பயமா இருந்துச்சி" என்றார் தினேஷ். குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "கட்டிலைக் கூட அதான் மூடி வச்சேன்."

பிறகு நித்யா என்னிடம் வந்தாள். "அப்பா, நீங்களும் கேக்கலை. வந்து இறங்கின அன்னிக்கே உத்தரவு வாங்கிட்டீங்க."

வந்த அன்று அவள் என் கையை விடாமல் பிடித்திருந்தது நினைவுக்கு வந்தது. அந்தக் கையை நான் என் வசதிக்கு மொழிபெயர்த்துக்கொண்டேன். "நீ இங்கயே இரும்மா" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அந்தச் சின்ன இருக்கையில் என் முழங்கால்களோடு அது மிகவும் சிரமமான ஏற்பாடு.

மனம் திறந்துவிட்ட உற்சாகத்தில் நான் ஒரு படி மேலே போனேன். "தங்கச்சி, உண்மையைச் சொல்றதுன்னு ஆயிடுச்சு. எனக்கு டுரியான் பிடிக்காது."

லெட்சுமி அம்மா கண்ணைத் துடைத்தார். "அப்படியாண்ணே? நீங்க கொண்டுவந்த பால்கோவா எங்களுக்கும் ஒத்துக்கல. திகட்டிருச்சி. ஸ்கூல் பிள்ளைங்களுக்குக் கொடுத்துட்டேன்."

"அம்மா!" என்றார் தினேஷ்.

"ஒன் மாமா அறையில விடுற கொறட்டையும்…"

"போதும் தங்கச்சி" என்றேன். உண்மைக்கும் ஒரு வாய்க்கால் கரை வேண்டும்.

மிச்சம் இருந்தது சரோஜா. வளையல், மருந்து, பத்தியத்துக்குப் பூண்டு எல்லாம் வாங்கி வைத்துக் காத்திருப்பவள். மகள் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? "பிளேன்ல ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்னு சொல்லிரலாமா?" என்றார் தினேஷ். லெட்சுமி அம்மாவுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. இவ்வளவு நேரம் பட்டும் எங்கள் புத்தி அவ்வளவுதான்.

"எதுவும் சொல்லாதீங்கப்பா" என்றாள் நித்யா. "அம்மாவால முடியுமான்னு கேளுங்க."

மழை விட்டிருந்தது. சிக்னலுக்காகப் பாதையோர மேட்டில் ஏறி, கையை உயர்த்தி, ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன். மூவரும் சேற்றில் செருப்பு புதைய என் பின்னால் நின்றார்கள்.

"சரோஜா, ஒண்ணு கேக்கணும். நித்யா வந்தா உன்னால பாத்துக்க முடியுமா? முட்டி நிஜமா எப்படி இருக்கு?"

லைன் துண்டித்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். இல்லை.

"மடக்க முடியலைங்க" என்றாள். "கீழ உக்கார முடியல, மாடி ஏற முடியல. பிள்ளையைக் குளிப்பாட்டக் காலை நீட்டி உக்காரணுமேன்னு தெனம் சுவத்தைப் பிடிச்சிக்கிட்டுப் பழகிப் பாக்குறேன். முடியல. சொன்னா, பெத்த பொண்ணுக்கு ஒரு பிரசவம் பாக்க வக்கில்லையான்னு கேப்பாங்கல்ல?"

"யார் கேப்பா?"

"எல்லாரும்."

லெட்சுமி அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "அண்ணி, ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பிள்ளையை நான் பாத்துக்கிறேன். வேனை என் கூட்டாளி ஓட்டுவா. ஒங்க முட்டி சரியானதும் நீங்க வந்து பேரப்பிள்ளையைத் தூக்கணும், என்ன?"

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு சரோஜாவின் பழைய குரல் திரும்பியது. "என்னங்க, இதைக் கேக்க மலேசியா வரைக்குமா போகணும்? வீட்டுலயே கேட்டிருந்தா டிக்கெட்டாவது மிஞ்சியிருக்கும்!" அவள் திட்டத் தொடங்கினாள். நான் பணிக்கால நிதானத்தோடு கேட்டுக்கொண்டேன். பாதையின் கோடியில் மணியம் டிராக்டரோடு வந்துகொண்டிருந்தார்.

புறப்படும் நாளில் லெட்சுமி அம்மா எனக்குப் புந்தோங் முறுக்கும் கடலையும் கட்டிக் கொடுத்தார். "இது புடிக்குமா, புடிக்காதா? இப்பவே சொல்லிருங்கண்ணே" என்று கேட்டு, நான் தின்று காட்டிய பிறகே பையைக் கட்டினார். அறையில் குழந்தைக் கட்டில்மேல் சேலை இல்லை. தினேஷ் அதன் காலில் ஆடிய ஒரு திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். நித்யா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்காமலேயே குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

திண்டுக்கல்லில் காலை வெயில் ஏறும்போது வீட்டை அடைந்தேன். சரோஜா சுவரைப் பிடித்தபடி வந்து கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் கையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாள்.

"எப்படி இருக்கே?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். காப்பி போடவா?"

பையைக் கீழே வைத்தேன். நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்து, இன்னொன்றில் எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

"எப்படி இருக்கே, சரோஜா?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு முட்டியில் ஆரம்பித்தாள். முட்டியிலிருந்து ஆபரேஷனுக்கு, அங்கே தனியாகப் படுத்திருந்ததற்கு, மகள் போன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்பதற்கு, கடைசியில் எங்கள் கல்யாணத்தில் என் சித்தப்பா பேசிய ஒரு பேச்சுக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பேச்சு எனக்கு அன்றுவரை தெரியாது. மதியச் சமையலை இருவருமே மறந்துபோனோம். நடுவில் ஒரு முறை நிறுத்தி, "உங்களுக்குப் பசிக்கலையா?" என்றாள்.

"அப்புறம் என்ன ஆச்சு, சொல்லு" என்றேன்.